அக்குபஞ்சர் கற்க ஞாயிற்றுக்கிழமை வகுப்பு போதுமா?

மண்டபம் ஊரிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். மகள் பிளஸ் டூ முடித்துவிட்டாள், அக்குபஞ்சர் என்கிற சீன ஊசி வைத்தியம்தான் படிப்பேன் என்கிறாள். ராமநாதபுரத்தில் ஞாயிறு மட்டும் வகுப்பு, ஒரே வருடத்தில் டிப்ளமோ என்று நோட்டீஸ் கொடுத்திருக்கிறார்கள். ஊசியே வேண்டாம், விரலால் தொட்டால் போதும் என்றும் அதில் இருக்கிறதாம். சீன வைத்தியத்தை முறையாகப் படிக்கிறவர் என்னதான் படிக்கிறார், எப்படிப் பார்க்கிறார், இந்த வகுப்பு அதற்கு ஈடாகுமா என்பது கேள்வி. கடலில் பாசி எடுக்கப் போகிற தன் அம்மாவின் முழங்கால் வலிக்கு இது கேட்குமா என்று கடைசியில் ஒரு வரி.

ஈடாகாது அக்கா. நான் யோகா, இயற்கை மருத்துவப் பட்டம் முடித்து, பிறகு ஊசி வைத்தியம் கற்று, கீழக்கரைப் பக்கம் பார்த்து வருகிறவன். அதனால் என் பேச்சில் கொஞ்சம் சார்பு இருக்கும். அதைக் கழித்துக்கொண்டு படியுங்கள்.

நோட்டீஸில் பெரிய எழுத்தில் போடுவது ஊசி போடும் புள்ளிகளைத்தான். உடம்பில் 14 சக்திப் பாதைகள், அவற்றின் மேல் 361 புள்ளிகள். உலக சுகாதார நிறுவனம் எண் கொடுத்து ஒழுங்குபடுத்திய கணக்கு அது. கெட்டிக்காரப் பெண் என்றால் சில மாதங்களில் அத்தனையையும் ஒப்பித்துவிடுவாள். படிப்பில் லேசான பகுதியே அதுதான். ஊசி எவ்வளவு ஆழம் இறங்கலாம், எந்தப் பக்கம் சாய வேண்டும், யாருக்கு ஊசியே போடக் கூடாது என்பதற்குத்தான் வருடக்கணக்கு ஆகும்.

சீனத்தில் இந்த வைத்தியம் என்றைக்கும் கொடிகட்டிப் பறந்தது என்று இங்கே ஒரு நினைப்பு இருக்கிறது. அப்படி இல்லை. 1822-இல் தாவோகுவாங் பேரரசர் அரண்மனை மருத்துவக் கழகத்தில் ஊசித் துறையையே மூடினார். 1929-இல் பாரம்பரிய வைத்தியம் முழுவதையும் ஒழித்துவிடலாம் என்று அங்கே அரசாங்க மட்டத்திலேயே தீர்மானம் வந்தது. வைத்தியர்கள் திரண்டு எதிர்த்து நிறுத்தினார்கள். இப்போதுள்ள கல்லூரிப் படிப்பு 1956-இல் பெய்ஜிங், ஷாங்காய், குவாங்சோ, செங்டு ஆகிய நான்கு ஊர்களில் தொடங்கியதுதான். பட்டப்படிப்பு ஐந்து வருடம். இரண்டாயிரம் வருடப் பழமையுள்ள நெய்ஜிங் என்ற மருத்துவ நூலைப் படிக்கிற அதே மாணவன் உடற்கூறியல், உடலியங்கியல், நோய்க்குறியியல் எல்லாவற்றையும் படிக்கிறான். கடைசியில் மருத்துவமனைப் பயிற்சி. அங்கே ஊசித் துறை இருக்கிற கட்டடத்திலேயே ரத்தப் பரிசோதனையும் ஸ்கேனும் இருக்கும். நோயாளியைப் பக்கத்துத் துறைக்கு அனுப்புவது அங்கே யாருக்கும் கௌரவக் குறைச்சல் இல்லை.

ஐந்து வருடம் எல்லோராலும் முடியாது, சரி. குறைந்தபட்சம் எவ்வளவு வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999-இல் ஒரு வழிகாட்டுதல் கொடுத்தது. மருத்துவர் அல்லாத ஒருவர் முழு அக்குபஞ்சர் வைத்தியர் ஆக வேண்டுமென்றால் 2500 மணி நேரம். அதில் 1000 மணி நேரமாவது செய்முறையும் நோயாளி பார்ப்பதுமாக இருக்க வேண்டும். இப்போது உங்கள் நோட்டீஸுக்கு வாருங்கள். வருடத்துக்கு 52 ஞாயிறு, நாளுக்கு ஆறு மணி நேரம் என்று தாராளமாகவே வைத்தாலும் 312 மணி நேரம். பொங்கல், பெருநாள், கோயில் கொடை, கல்யாண முகூர்த்தம் எல்லாம் கழித்தால் இன்னும் சுருங்கும். அதே வழிகாட்டுதலில் 200 மணி நேரப் பயிற்சி ஒன்றும் இருக்கிறது. அதைக் காட்டி வாதாடுகிறவர்கள் உண்டு. ஆனால் அது ஏற்கெனவே எம்.பி.பி.எஸ். படித்தவர், பல் மருத்துவர் போன்றோர் தங்கள் தொழிலுக்குள் கொஞ்சம் சேர்த்துக்கொள்வதற்கு.

அந்த 1000 மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்று கேட்டால், முதலில் கை பழக வேண்டும். பல அடுக்காக மடித்துக் கட்டிய காகிதத்திலும் பஞ்சு உருண்டையிலும் குத்திக் குத்திப் பழகுகிறார்கள். ஊசியின் தடிமன் பெரும்பாலும் கால் மில்லிமீட்டர். ரத்தம் எடுக்கிற ஊசியில் பாதிகூட இராது. அழுத்தினால் வளையும், நேராக இறங்காது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து உருட்டிக்கொண்டே இறக்கத் தெரிய வேண்டும். காகிதத்துக்குப் பிறகு சொந்தக் கால். அதற்குப் பிறகு கூடப் படிக்கிறவர். நோயாளி கடைசியில்தான். இப்போது பலர் ஊசியைச் சின்னக் குழாய்க்குள் வைத்துத் தட்டி இறக்குகிறார்கள், வலியே தெரியாது. அந்தக் குழாயைப் பழக்கத்துக்குக் கொண்டுவந்தவர் சுகியாமா வைச்சி, 17-ஆம் நூற்றாண்டின் ஜப்பானிய வைத்தியர். அவருக்குக் கண் பார்வை கிடையாது.

இடம் குறிப்பதற்கும் ஓர் ஒழுங்கு உண்டு. சென்டிமீட்டரில் அளப்பதில்லை, நோயாளியின் சொந்த உடம்புதான் அளவுகோல். அவர் பெருவிரல் அகலம் ஒரு சுன், நான்கு விரல் சேர்த்தால் மூன்று சுன். ஸுசான்லி என்று ஒரு புள்ளி. முழங்கால் சிப்பிக்குக் கீழே வெளிப்பக்கக் குழியிலிருந்து மூன்று சுன் இறங்கி, கணைக்கால் எலும்பின் முன் விளிம்பிலிருந்து ஒரு விரல் வெளியே தள்ளி இருக்கும். உங்கள் விரலை வைத்து அம்மாவின் காலில் அளக்கக் கூடாது, அம்மாவின் விரலை வைத்து அளக்க வேண்டும். ஆறடி ஆளுக்கும் பத்து வயதுப் பிள்ளைக்கும் ஒரே கணக்கு செல்லுபடியாவது இதனால்தான்.

சீனத்தில் சோங் அரச வம்சத்தின் காலத்தில் வாங் வெய்யி என்ற வைத்திய அதிகாரி 1027-இல் ஆளுயர வெண்கலப் பொம்மைகள் இரண்டு வார்த்தார். புள்ளி உள்ள இடமெல்லாம் துளை. பரீட்சை நாளில் மேலே மெழுகு பூசித் துளைகளை மறைத்து, உள்ளே திரவம் நிரப்பி வைப்பார்களாம். மாணவன் குத்துகிற இடம் சரியென்றால் திரவம் கசியும், தப்பென்றால் ஊசி இறங்காது. சொல்வதற்குச் சுவையான கதை. ஆனால் வெண்கலப் பொம்மைக்கு நுரையீரல் கிடையாது.

நம் ஊர்க்காரர்களுக்கு நான் முதலில் சொல்வது அந்த நுரையீரல் விஷயத்தைத்தான். கழுத்துக்கும் தோள் முனைக்கும் நடுவில், மேட்டில், ஜியன்ஜிங் என்று ஒரு புள்ளி. கரைவலை இழுத்துத் தோள் இறுகிப்போன ஆளுக்கு அங்கே ஊசி போட்டால் அப்படியொரு சுகம். அதற்குக் கீழே இருப்பது நுரையீரலின் உச்சி. ஒல்லியான ஆளுக்கு ஓர் அங்குல ஊசியை நேராக இறக்கினால் நுரையீரல் உறை துளைபடலாம். காற்று மார்புக்குள் கசிந்து நுரையீரல் சுருங்கும். சிலருக்கு உடனே தெரியாது, வீட்டுக்குப் போன பிறகு நெஞ்சு பிடிக்கும், மூச்சு முட்டும். சங்கு குளிக்கிற ஆளாக இருந்து, அந்த நிலையில் மறுநாள் தண்ணீருக்குள் இறங்கினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பாருங்கள். முதுகுப் புள்ளிகளுக்கும் இதே பயம்தான். அதனால் அந்த இடங்களில் ஊசியைச் சாய்த்து, ஆழம் குறைத்துப் போடவோ, சதையைக் கிள்ளித் தூக்கிக்கொண்டு போடவோ கற்றுக்கொடுப்பார்கள். இதைப் படம் பார்த்துக் கற்க முடியாது. பக்கத்தில் ஒருவர் நின்று, ‘போதும், நிறுத்து’ என்று சொல்லிச் சொல்லித்தான் கைக்கு வரும்.

ஊசி சேர வேண்டிய இடத்தில் சேர்ந்துவிட்டது என்பதற்கு அவர்கள் ஓர் அடையாளம் வைத்திருக்கிறார்கள். நோயாளிக்கு அந்த இடம் கனக்கும், மதமதப்பாக இருக்கும், சில நேரம் உள்ளே இழுப்பதுபோல் ஓடும். வைத்தியர் விரலுக்கோ ஊசியைச் சதை பிடித்துக்கொண்டதுபோல் இருக்கும். 13-ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தோ ஹான்சிங் என்ற வைத்தியர் தன் பாட்டு ஒன்றில் இதைச் சொல்கிறார்: தூண்டில் இரையை மீன் விழுங்கும்போது தாழ்ந்து உயர்கிற மாதிரி. பாம்பன் பாலத்தடியில் கைத்தூண்டில் போட்ட யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் வேண்டாம். விரலில் அந்தச் சின்ன இழுப்பு வருகிற வரை நோயாளி முகத்தைப் பார்த்துக்கொண்டு மெதுவாக உருட்டுவதில்தான் வேலையே இருக்கிறது.

நோய் அறிவதற்கு நான்கு வழி. பார்ப்பது, குரலையும் மூச்சையும் கேட்டு வாடையையும் கவனிப்பது, விசாரிப்பது, தொட்டுப் பார்ப்பது. நாக்கை நீட்டச் சொல்லி நிறம், மேலுள்ள படிவு, ஓரத்துப் பல் தடம் எல்லாம் பார்ப்பார்கள். நாடி பார்ப்பது நம் சித்த வைத்தியத்தை ஒட்டி வரும், கணக்கு வேறு. இங்கே மூன்று விரலுக்கும் வளி, அழல், ஐயம். அங்கே இரண்டு மணிக்கட்டிலும் மும்மூன்று இடம், ஒவ்வொன்றுக்கும் ஓர் உறுப்பு. மிதக்கும் நாடி, அமிழ்ந்த நாடி, வழுக்கு நாடி என்று 28 வகை. நம் ஜனங்கள் ஏமாறுகிற இடமும் இதுவே. கையைப் பிடித்ததும் ‘உனக்குக் கிட்னியில் சக்தி குறைவு’ என்று சொல்லிவிட்டால் ஆள் அசந்துபோகிறார். ஒரே நோயாளியின் நாடியைத் தனித்தனியாகப் பார்த்த வைத்தியர்கள் வேறுவேறு முடிவு சொல்வது ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட விஷயம். நானும் நாடி பார்க்கிறேன். அதை மட்டும் வைத்து எந்த முடிவுக்கும் வரமாட்டேன். விசாரிப்பதில்தான் எனக்கு நம்பிக்கை. மிங் காலத்து ஜாங் ஜிங்யுவே பத்துக் கேள்விகளை ஒழுங்குபடுத்திப் பாட்டாக்கி வைத்தார். குளிரா சூடா, வியர்வை எப்படி, தலையிலும் உடம்பிலும் எங்கே வலி, மலம் சிறுநீர், சாப்பாடு, நெஞ்சு, காது, தாகம் என்று போகும். சித்தர் பாடல் மாதிரி அங்கேயும் பிள்ளைகள் அதை மனப்பாடம் செய்கிறார்கள். அந்தப் பத்தையும் பொறுமையாகக் கேட்டாலே பாதி நோய் தெரிந்துவிடும்.

பிறகு படுக்கவைத்து, ஸ்பிரிட் துடைத்து, ஐந்திலிருந்து பத்துப் பதினைந்து ஊசி. இருபது முப்பது நிமிடம் அப்படியே விடுவது. சிலருக்கு மெல்லிய மின்சாரம் கொடுப்போம். பேஸ்மேக்கர் வைத்தவருக்குக் கூடாது. மாசிப்பத்திரி இனத்து இலையைப் பொடித்துச் சுருட்டாக்கி, பற்றவைத்துத் தோலுக்கு மேலே காட்டிச் சூடு கொடுப்பது இன்னொரு பாதி. சீன மொழியில் இந்த வைத்தியத்தின் பெயரே ஊசியையும் சூட்டையும் சேர்த்துத்தான் வரும். கீழக்கரையில் ஹிஜாமா பார்க்கிறவர்கள் தோலில் கப் வைத்து உறிஞ்சுகிறார்களே, அதற்கும் சீனத்தில் ஒரு பங்காளி உண்டு. ஆனால் கீறி ரத்தம் எடுப்பதென்றால் சுத்தம் பல மடங்கு கறாராக இருக்க வேண்டும். ஊசி ஒருமுறை போட்டால் எறிய வேண்டியது. எறிவது என்றால் குப்பையில் அல்ல: 2016-ஆம் ஆண்டு மருத்துவக் கழிவு விதிப்படி குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில். நீங்கள் போகிற இடத்தில் அந்த டப்பா கண்ணில் படவில்லை என்றால் படுக்காமல் திரும்பி வந்துவிடலாம்.

இனி, கேட்குமா கேட்காதா என்ற பேச்சு. ஜெர்மனியில் நாள்பட்ட இடுப்பு வலிக்காரர்கள் 1162 பேரை வைத்து ஓர் ஆய்வு நடத்தி 2007-இல் வெளியிட்டார்கள். முறையான ஊசி போட்டவர்களில் 47.6 சதவீதம் பேருக்கு நல்ல பலன். மருந்து, உடற்பயிற்சி என்று வழக்கமான சிகிச்சை எடுத்தவர்களில் 27.4 சதவீதம். இதுவரை நமக்குப் பெருமை. மூன்றாவதாக ஒரு கூட்டத்துக்குப் புள்ளியே இல்லாத இடங்களில் மேலோட்டமாகக் குத்தினார்கள், அவர்களில் 44.2 சதவீதம் பேருக்கும் பலன்! எங்கள் தொழிலில் பலர் இந்த மூன்றாவது எண்ணைச் சொல்ல மாட்டார்கள். நான் சொல்வேன். வலிக்கு ஊசி உதவுகிறது; புள்ளி இம்மி பிசகக் கூடாது என்பதில் அவ்வளவு மந்திரம் இல்லை. ‘ரகசியப் புள்ளி’ கற்றுத்தருகிறோம் என்று பணம் கேட்பவரிடம் இதைச் சொல்லிப் பாருங்கள். நாள்பட்ட இடுப்பு, கழுத்து, முழங்கால் வலி, ஒற்றைத் தலைவலி, ஆபரேஷனுக்குப் பிறகு வரும் குமட்டல் ஆகியவற்றுக்கு ஓரளவு நல்ல சான்று இருக்கிறது. சர்க்கரை, தைராய்டு, கிட்னி, புற்றுநோய் எல்லாம் குணமாகும் என்று போர்டு வைப்பதற்குச் சான்று கிடையாது.

இந்த இடத்தில்தான் தொடு சிகிச்சையைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஒரு புள்ளியை விரலால் தொட்டுவிட்டு அனுப்புவது சீனக் கல்லூரிகளில் கற்பிக்கிற முறை அல்ல; தமிழ்நாட்டில் பரவிய ஒரு கிளை. தொடுவதால் யாருக்கும் கேடு வராது. தொட்ட பிறகு சிலர் சொல்கிற வார்த்தையில்தான் கேடு: ‘மாத்திரையை எல்லாம் நிறுத்திவிடுங்கள், உடம்பு தானே சரிசெய்யும்.’ சீனத்து மருத்துவமனையில் எந்த ஊசி வைத்தியரும் இன்சுலினை நிறுத்தச் சொல்ல மாட்டார். சின்ன வயதில் வருகிற சர்க்கரை நோய்க்கு இன்சுலினை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போகும். உங்கள் மகள் சேரப் போகிற வகுப்பில் இந்த வாக்கியம் ஒருமுறை காதில் விழுந்தாலும், கட்டிய பணம் போனால் போகட்டும் என்று எழுந்து வந்துவிடச் சொல்லுங்கள்.

நல்ல வைத்தியர் தினமும் சிலரைத் திருப்பி அனுப்புவார். இடது கைக்கு இறங்கும் வலியோடு வியர்த்துப்போய் ஒருவர் வந்து ‘வாய்வு பிடித்திருக்கிறது, ஊசி போடுங்கள்’ என்பார். அவர் போக வேண்டியது ஆஸ்பத்திரிக்கு. இடுப்பு வலியோடு சிறுநீர் கட்டி, கவட்டைப் பகுதி மரத்திருந்தால் அன்றைக்கே அறுவை மருத்துவர் பார்க்க வேண்டும். கம்ப்ரஸர் குழாயிலோ சிலிண்டரிலோ மூச்சு வாங்கி ஆழத்தில் வேலை பார்த்துவிட்டு மேலே வந்த ஆளுக்கு மூட்டெல்லாம் வலி என்றால் அது வாதம் ஆகாது. ரத்தத்தில் காற்றுக் குமிழி. உடனே ஆக்ஸிஜன் கொடுத்து, அழுத்த அறை உள்ள மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும், ஊசிக்கு அங்கே வேலை இல்லை. காலில் உணர்வு இல்லாத சர்க்கரை நோயாளிக்குப் பாதத்தில் ஊசியோ சூடோ கொடுத்துப் புண்ணாக்குவதும் நடக்கிறது. கர்ப்பிணிக்குக் கையில் ஹெகு, கணுக்காலுக்கு மேல் சான்யின்ஜியாவ் என்ற புள்ளிகளைப் பழைய நூல்களே விலக்கி வைத்திருக்கின்றன. இவற்றையெல்லாம் அடையாளம் காண உடற்கூறும் நோய்க்குறியும் படித்திருக்க வேண்டும்.

சட்ட நிலையையும் தெரிந்துகொள்ளுங்கள். இந்தியாவுக்கு இதைக் கொண்டுவந்தவர் கல்கத்தா மருத்துவர் பி.கே. பாசு, 1938-இல் மருத்துவர் கோட்னிஸோடு சீனப் போர்முனைக்குப் போன மருத்துவக் குழுவில் இருந்தவர். பிற்பாடு மீண்டும் போய் ஊசி கற்று, 1959-இல் கல்கத்தாவில் பார்க்கத் தொடங்கினார். அதனால்தானோ என்னவோ மேற்கு வங்கம் 1996-லேயே தனிச் சட்டம் போட்டுவிட்டது. மகாராஷ்டிரத்திலும் சட்டம் இருக்கிறது. மத்திய அரசு 2003-இல் இதை ஒரு சிகிச்சை முறையாக ஏற்று, பதிவுபெற்ற மருத்துவரோ உரிய பயிற்சி பெற்றவரோ செய்யலாம் என்றது. ‘உரிய பயிற்சி’ எது என்று பார்த்துப் பதிவு செய்கிற தனிச் சட்டம் தமிழ்நாட்டில் இல்லை. அந்த இடைவெளியில்தான் ஞாயிறு வகுப்புகள் நடக்கின்றன. யாரும் கேட்காத இடத்தில் வைத்தியம் நடந்தால் என்ன ஆகும் என்று நம் மாவட்டத்துக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடிக் காப்பகத் தீயில், சங்கிலியில் கட்டிவைத்திருந்த மனநோயாளிகள் உட்பட 28 பேர் இறந்த பிறகுதான் அந்த மாதிரி இடங்களுக்குக் கெடுபிடி வந்தது.

மகளுக்கு நான் சொல்கிற வழி இது. பிளஸ் டூவில் உயிரியல் எடுத்திருந்தால் யோகா, இயற்கை மருத்துவப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கச் சொல்லுங்கள். பயிற்சியோடு ஐந்தரை வருடம். அக்குபஞ்சர் பாடத்திட்டத்திலேயே இருக்கிறது. சென்னை அரும்பாக்கத்தில் அரசுக் கல்லூரி உண்டு, சேர்க்கை பிளஸ் டூ மதிப்பெண்ணை வைத்து. இந்த வருட அறிவிப்பை ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். வெளியே அனுப்ப வசதியில்லை, பக்கத்திலேயே வேண்டும் என்றால் நர்சிங்கோ பிசியோதெரபியோ முடித்துவிட்டு அதன்மேல் ஊசி கற்கலாம். சீனத்துக்கே போய் ஐந்து வருடம் படிப்பதும் சிலருக்கு ஆசை. படிப்பு உசத்திதான், ஆனால் அந்தப் பட்டத்தை வைத்து இங்கே எம்.பி.பி.எஸ். மருத்துவராகப் பதிவு செய்ய முடியாது. ஏஜென்ட் வேறு மாதிரிச் சொன்னால் எழுதித் தரச் சொல்லுங்கள்.

இல்லை, அவள் அந்த ஞாயிறு வகுப்புக்குத்தான் போவேன் என்றால் சேர்வதற்கு முன்னால் ஒரு நாள் போய் உட்காரட்டும். சொல்லிக்கொடுப்பவர் வாரத்தில் எத்தனை நோயாளி பார்க்கிறார், மாணவர்களைப் பக்கத்தில் நிற்கவைத்து ஊசி போடவிடுகிறாரா, உடற்கூறு எடுப்பது யார், போன மாதம் யாரையாவது ஆஸ்பத்திரிக்கு அனுப்பினாரா என்று கேட்கட்டும். கடைசிக் கேள்விக்கு ‘எங்களுக்கு அந்த அவசியமே வந்ததில்லை’ என்று பதில் வந்தால் சேர வேண்டாம்.

அம்மாவுக்கு வருகிறேன். தண்ணீரில் நின்று, குனிந்து, பாறையில் கால் ஊன்றிப் பாசி எடுக்கிற பெண்களுக்கு முட்டி தேய்வது சகஜம். ஊசியால் தேய்ந்தது வளராது. வலி குறைந்து நடமாட்டம் கூட வாய்ப்பிருக்கிறது. வாரம் இரண்டு தடவை வீதம் ஆறு தடவை பாருங்கள். அதற்குள் படியேறுவதில் ஒரு வித்தியாசமும் தெரியாவிட்டால் நிறுத்திவிடலாம். பன்னிரண்டு, இருபது என்று இழுக்கிறவரிடம் போக வேண்டாம். கூடவே, நாற்காலியில் உட்கார்ந்து காலை நேராக நீட்டிப் பத்து எண்ணுகிற தொடைப் பயிற்சியைத் தினமும் செய்ய வேண்டும். உண்மையில் ஊசியைவிட அதுவே அதிகம் உதவும், யாரும் செய்வதில்லை என்பது வேறு விஷயம். ஊசி போட்ட அன்று கடலில் இறங்க வேண்டாம். முட்டி சூடாக வீங்கியிருந்தாலோ, காய்ச்சல் இருந்தாலோ, நடக்கும்போது திடீரென்று மடங்கிவிடுகிறது என்றாலோ எங்களிடம் வராமல் முதலில் ராமநாதபுரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் எலும்பு மருத்துவரிடம் காட்டுங்கள். சர்க்கரை, பிரஷர் மாத்திரை, ரத்தம் உறையாமல் இருக்க மாத்திரை என்று எது சாப்பிட்டாலும் சீட்டைக் கையோடு கொண்டுபோங்கள். நல்ல வைத்தியர் என்றால் அதைத்தான் முதலில் கேட்பார்.